போடி ஏலக்காய்க் கடையின் புதுத் தளம் கூகுளில் ஏன் வரவில்லை?

போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர். மலை ஏறினால் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம். ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்கும் இந்த வட்டாரத்தில் சின்ன வியாபாரிகளும் இப்போது சொந்தமாக இணையதளம் போடுகிறார்கள். தளம் தயாரானதும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, கூகுளில் ‘போடி ஏலக்காய்’ என்று அடித்துப் பார்ப்பது. நம் தளம் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் இல்லை. அதற்குள் யாராவது போன் செய்து, “முப்பதே நாளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம்” என்று மாதக் கட்டணம் பேசுவார்கள்.

கட்டலாமா, வேண்டாமா? கோளாறு தளத்திலா, அல்லது இது பொறுத்திருக்க வேண்டிய காலமா? இதை முடிவு செய்ய, தேடுபொறி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கணினிப் படிப்பெல்லாம் வேண்டாம்.

தேடுபொறி செய்கிற மூன்று வேலைகள்

நாம் ஒரு சொல்லை அடித்த அந்த நொடியில் கூகுள் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே படித்து, அடுக்கி வைத்திருப்பதிலிருந்துதான் எடுத்துத் தருகிறது. வரிசை இப்படி:

1. க்ராலிங். ‘கூகுள்பாட்’ என்ற நிரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் வழியே போய்ப் பக்கங்களைக் கண்டுபிடித்துப் படிக்கிறது. எங்கிருந்தும் லிங்க் இல்லாத புதுத் தளம் அதன் கண்ணில் படுவது கஷ்டம்.

2. இண்டெக்ஸ். படித்த பக்கம் எதைப் பற்றியது, எந்த மொழியில் இருக்கிறது, வேறு பக்கத்தின் நகலா என்று பார்த்து, வைத்துக்கொள்ளலாம் என்று பட்டால் தன் அட்டவணையில் சேர்க்கிறது. கண்டுபிடித்த எல்லாப் பக்கத்தையும் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

3. ரேங்க். யாராவது தேடும்போது, அட்டவணையில் பொருந்துகிற பக்கங்களில் எதை முதலில் காட்டுவது, எதைப் பின்னால் தள்ளுவது என்று வரிசைப்படுத்துகிறது.

இதை ஏலக்காய் ஏலத்தோடு ஒப்பிடலாம். மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் போடியிலும் இடுக்கியில் உள்ள புற்றடியிலும் நடக்கிறது. அங்கே காய் வந்து இறங்கி, பதிவாகி, சாம்பிள் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். ஏல மையத்துக்கு வராத மூட்டைக்கு ‘ஏன் நல்ல விலை கிடைக்கவில்லை’ என்று வருத்தப்பட முடியாது. தளமும் அப்படித்தான். புதுத் தளம் போட்டவர்கள் மூன்றாவது வேலையான ரேங்க் பற்றியே கவலைப்படுகிறார்கள். பெரும்பாலும் தடங்கல் முதல் இரண்டில் இருக்கும்.

வரிசைப்படுத்தும் முறைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை எண்ணம் எளிமையானது: ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் லிங்க் கொடுப்பது, அதற்கு ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவர் எவ்வளவு மதிப்புள்ளவரோ அவ்வளவு எடை. இதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். இன்று கூகுள் பார்க்கும் விஷயங்கள் எத்தனையோ; இது அதில் ஒன்று. ஆனால் புதிதாக வந்தவருக்குப் பரிந்துரை எதுவும் இருக்காது என்ற அடிப்படை நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: இண்டெக்ஸில் இருக்கிறீர்களா?

இதைக் காசு கொடுக்காமல், இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி (மேலும் கீழுமாக இரண்டு புள்ளி) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேருங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் அட்டவணையில் இருக்கிறீர்கள். எதுவுமே வரவில்லை என்றால் அநேகமாக நீங்கள் இன்னும் ஏல மையத்துக்குள்ளேயே நுழையவில்லை.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். இது இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கம் சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை, எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் காட்டும். தளம் போட்ட முதல் நாளே இதைத் திறக்க வேண்டும். அதில் சைட்மேப்பைக் கொடுத்துவிடுங்கள். சைட்மேப் என்பது தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிப் பட்டியல். ஒரு பட்டியலில் 50,000 முகவரி வரை வைக்கலாம். கடைத் தளத்துக்கு இருபது, முப்பது வந்தால் அதிகம்.

சேராமல் போவதற்கு நடைமுறையில் காரணமாக இருப்பவை:

1. தளம் கட்டும்போது போட்ட பூட்டு. வேர்ட்பிரஸ்ஸில் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரீடிங்’ என்ற பக்கத்தின் அடியில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் ‘இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம்’ என்று தேடுபொறிகளுக்குச் சொல்வதாகும். வேலை முடியும் வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று டிசைனர் டிக் போடுவார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார். மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் இந்த ஒரு டிக்தான் காரணம் என்று தெரிவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. முதலில் இதைப் பாருங்கள்.

2. ரோபாட்ஸ் கோப்பில் தடை. தளத்தின் வாசலில் இருக்கும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு அது; எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கூகுள்பாட்டுக்குச் சொல்கிறது. அதில் ஒரே ஒரு சாய்கோடு தவறாக விழுந்தால் முழுத் தளமும் அடைபடும்.

3. சர்ச் கன்சோலில் ‘டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்’ என்று வருவது. முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். புதுத் தளத்தில் இது வந்தால் பயப்பட வேண்டாம், பொறுக்கலாம்.

4. ‘க்ரால்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்’ என்று வருவது. இதுதான் யோசிக்க வேண்டியது. வந்து படித்தது, இப்போதைக்கு வைத்துக்கொள்ளவில்லை. பல பக்கங்களுக்கு இப்படி வந்தால், பக்கத்தில் நீங்களே சொந்தமாக எழுதியது குறைவு அல்லது வேறு எங்கோ உள்ளதைப் போலவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஊர்ப் பெயர், இரண்டு ஊர்

எல்லைப் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. தளம் போட்டுத் தருகிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூடலூர் என்று எழுதினால் எந்தக் கூடலூர்? குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வரும் தேனி மாவட்டத்துக் கூடலூரா, நீலகிரியில் வயநாட்டுக்குப் போகும் வழியில் உள்ள கூடலூரா? இரண்டும் கேரள எல்லையில், இரண்டும் மலைப்பக்கம், இரண்டிலும் மிளகும் ஏலக்காயும் விற்கிறார்கள். கம்பம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துக்கூட்டலில் ஆந்திரத்திலும் ஓர் ஊர் இருக்கிறது. பழைய பெரிய ஏரிக்குப் பெயர் போனது. சித்தூர் என்றால் வேலூருக்கு வடக்கே உள்ள ஆந்திரச் சித்தூரும் வரும், பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள சித்தூரும் வரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

பேசும்போது நமக்குக் குழப்பமே வருவதில்லை; எதிரில் இருப்பவர் நம் ஊர்க்காரர். தேடுபொறிக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் இது எந்த ஊர் என்று முடிவு செய்யும். ‘கூடலூர், தமிழ்நாடு’ என்று மட்டும் போட்டால் பாதிக் கதைதான். எனவே:

1. முழு முகவரியைப் படமாக இல்லாமல் எழுத்தாகப் போடுங்கள். தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், பின்கோடு. பின்கோடுதான் இங்கே பெரிய உதவி: தேனிப் பக்கம் 625-இல் தொடங்கும், நீலகிரிப் பக்கம் 643-இல், இடுக்கிப் பக்கம் 685-இல்.

2. கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். தளத்தில் போடிநாயக்கனூர் என்றும், பில்லில் போடி என்றும், ஃபேஸ்புக்கில் தேனி என்றும் போட்டால் மூன்று கடை போலத் தோன்றும். ஜிஎஸ்டி எண் போடுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளம் 32. முகவரி ஒரு மாநிலத்திலும் எண் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால், வாங்க வருகிறவருக்கே சந்தேகம் வரும்.

3. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் தொடங்குங்கள். மேப்பில் கடை தெரிவதற்கு இதுதான் வழி. இதுவும் இலவசம். இந்த உள்ளூர் வரிசைக்குக் கூகுள் பார்ப்பது மூன்று விஷயம்: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது. ஆயிரம் தளங்களோடு போட்டி போட வேண்டிய சாதாரணத் தேடலைவிட, இங்கே புதுக் கடைக்கு வாய்ப்பு சீக்கிரம் கிடைக்கும்.

தூரம் என்பதை நினைவில் வையுங்கள். தேக்கடிக்கு வந்த சுற்றுலாக்காரர் குமுளிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு ‘பக்கத்தில் ஏலக்காய்க் கடை’ என்று தேடினால் போடிக் கடையைக் காட்டாது. அதற்காகக் குமுளியில் கடை இருப்பதாக ஒரு பொய் முகவரி போடுகிறவர்கள் உண்டு. அது விதிமீறல்; பிடிபட்டால் ப்ரொஃபைலே முடங்கும். போடிக் கடைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் தேனிப் பக்கமிருந்து மூணாறு போகிறவர்கள் போடி வழியாகத்தான் மெட்டு ஏறுகிறார்கள். ‘மூணாறு போகும் வழியில் போடியில் ஏலக்காய் எங்கே வாங்கலாம்’ என்பது உண்மையாகவே ஒருவர் தேடக்கூடிய விஷயம். அதற்கு ஒரு பக்கம் எழுதி வைத்தால், பார்க்கிங் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கிடைக்குமா என்பதையும் அதில் சொன்னால், எந்தப் பெரிய வணிகத் தளத்துக்கும் இல்லாத ஒரு பக்கம் உங்களிடம் இருக்கும்.

எந்த மொழியில், எந்த எழுத்தில்?

ஏலக்காய் என்பது தமிழ். மலை ஏறினால் ஏலக்கா. ஆந்திரப் பக்கம் போனால் யாலகுலு. இது போக, தமிழ் ஆட்களில் நிறையப் பேர் போனில் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்கிறார்கள். அதிலும் சிலர் முதலில் ‘எ’ ஒலிக்கு உரிய எழுத்தை வைப்பார்கள், சிலர் ‘யெ’ என்று தொடங்குவார்கள். இந்த எழுத்துக்கூட்டல் பேதங்களைக் கூகுள் பெருமளவு தானே புரிந்துகொள்கிறது. அதனால் எல்லா வடிவத்தையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்டி வைக்க வேண்டியதில்லை. அப்படிக் கொட்டுவதற்குக் கீவேர்டு ஸ்டஃபிங் என்று பெயர், கெடுதல்தான். ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்று கண்ணுக்குத் தெரியாமல் போடும் பட்டியலைக் கூகுள் கண்டுகொள்வதில்லை என்று 2009-இலேயே சொல்லிவிட்டார்கள். இன்றும் அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது வேறு. ஒரு பக்கம், ஒரு மொழி. தமிழுக்கு ஒரு முகவரி, மலையாளத்துக்கு ஒரு முகவரி, ஆங்கிலத்துக்கு ஒரு முகவரி. ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்தால், இதை யாருக்குக் காட்டுவது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ‘இதன் மலையாள வடிவம் அங்கே இருக்கிறது’ என்று காட்டுவதற்கு ‘ஹெச்ரெஃப்லாங்’ என்ற குறிப்பு உண்டு; தளம் கட்டுகிறவரிடம் சொன்னால் போட்டுத் தருவார். மலையாளப் பக்கத்தை மலையாளம் தெரிந்த ஒருவர் படித்துத் திருத்தட்டும். எல்லையில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஐம்பது, நூறு பக்கமாகப் போடுவது வேண்டாம். படிப்பவருக்குப் பயனில்லாமல் மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை ஸ்பேம் என்றே நடத்துவதாக 2024 மார்ச்சில் கூகுள் தன் விதியை இறுக்கியது. மனிதர் எழுதினாலும், ஏஐ எழுதினாலும் இதே விதிதான்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, இதில் பலர் விழுகிறார்கள். கடைக்கு நோட்டீஸ், விலைப்பட்டியல் எல்லாம் டிடிபி சென்டரில் அடித்திருப்போம். அங்கே பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள்தான். அவற்றில் திரையில் தமிழ் தெரியும். அடியில் இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும். எழுத்துரு ஒரு முகமூடி மாதிரி. அதை அப்படியே தளத்தில் ஒட்டினாலோ பிடிஎஃப் ஆக ஏற்றினாலோ கூகுளுக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்னும் சிலர் நோட்டீஸையே போட்டோவாக முகப்பில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கடைப் பெயர், ஊர், காயின் அளவு, விலை எல்லாம் அந்தப் படத்துக்குள் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் எழுத்தாக ஒரு வரிகூட இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், பக்க முகவரியில் தமிழ் எழுத்து வைப்பது. கூகுள் அதைப் படிக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்துவிடலாம். ‘ஏலக்காய்’ என்ற சொல்லில் புள்ளியும் காலும் சேர்த்து எட்டுக் குறிகள். அது 72 எழுத்தாக நீளும். பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயப்படுவார். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

என்ன எழுதினால் மேலே வரும்?

‘ஏலக்காய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் வர வேண்டும் என்ற ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். அந்த இடத்தில் கலைக்களஞ்சியங்கள், பெரிய வணிகத் தளங்கள், பத்திரிகைகள் உட்கார்ந்திருக்கின்றன. ‘ஏலக்காயின் 10 நன்மைகள்’ என்று எழுதுவதும் வீண் வேலை. ஏற்கெனவே அப்படி எண்ண முடியாத பக்கங்கள் கிடக்கின்றன. அது மட்டுமல்ல, இந்தியாவில் 2024-இலிருந்து கூகுள் பல கேள்விகளுக்குத் தானே ஏஐ மூலம் சுருக்கம் எழுதி மேலே வைக்கிறது. பொதுவான விடையைத் தேடுகிறவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடுவார், உங்கள் தளம் வரை வர மாட்டார். உடம்புக்கு நல்லது, நோய் தீரும் என்றெல்லாம் எழுதுவதில் இன்னொரு ஆபத்து: உடல்நலம், பணம் தொடர்பான விஷயங்களில் யார் எழுதுகிறார் என்பதைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது.

பல சொற்கள் சேர்ந்த நீளமான தேடல்களில்தான் புதுத் தளத்துக்கு இடம் இருக்கிறது. தேடுகிறவர் எண்ணிக்கை குறைவு. ஆனால் வருகிறவர் வாங்க வருகிறவர். அதற்கு வேண்டிய சரக்கு கடைக்காரரிடமே இருக்கிறது. தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதாமல் விடுகிறார், அவ்வளவுதான்.

கடைக்கு வரும் ஒருவர் கேட்பதை நினைத்துப் பாருங்கள். “இது கிலோ இவ்வளவு, அது ஏன் அதைவிடக் கூட?” கடைக்காரர் இரண்டு காயையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். இது எட்டு எம்எம், அது ஆறு எம்எம். சல்லடையில் சலித்துப் பிரிப்பது. பச்சைக் காய் சுமார் ஐந்து கிலோவை ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், வைத்து உலர்த்தினால்தான் ஒரு கிலோ உலர்ந்த காய் வரும், அதனால்தான் இந்த விலை. பச்சை நிறம் போகாமல் இருக்க வெளிச்சம் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னல் பக்கம் வைத்தால் வெளுத்துவிடும். பாயசத்துக்குச் சின்னக் காய் போதும், பரிசாகக் கொடுக்கத்தான் பெரிய காய்.

இந்த ஐந்து நிமிடப் பேச்சு ஐந்து பக்கம். எட்டு எம்எம்முக்கும் ஏழு எம்எம்முக்கும் என்ன வித்தியாசம் என்று ஒன்று, அளவுகோலோடு சேர்த்து எடுத்த சொந்தப் போட்டோவோடு. வாங்கிய ஏலக்காய் வெளுத்துப் போவது ஏன் என்று ஒன்று. பச்சைக் காய் உலர்ந்த காயாவது எப்படி என்று ஸ்டோரில் எடுத்த படங்களோடு ஒன்று. மொத்த வியாபாரிக்கும் வீட்டுக்கு வாங்குகிறவருக்கும் தனித்தனியே ஒன்று. கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் ‘நேரடி அனுபவம்’ என்பதையும் சேர்த்தது. எழுதியவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டவரா, இல்லை நாலு தளம் பார்த்துத் தொகுத்தவரா என்பது படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

1. தலைப்பில் பொருளும் ஊரும் தெளிவாக இருக்கட்டும். பல தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் ‘ஹோம்’ அல்லது ‘வெல்கம்’ என்றே தலைப்பு இருக்கிறது. தேடலில் முதலில் தெரிவது தலைப்புதான்.

2. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். எட்டு எம்எம் பற்றிப் படித்தவர் அங்கிருந்தே விலைப் பக்கத்துக்குப் போகட்டும். கூகுள்பாட்டும் அதே பாதையில்தான் நடக்கிறது.

3. மற்றக் கடைகளின் விவரிப்பை நகல் எடுக்காதீர்கள். நகலுக்குத் தண்டனை என்று எதுவும் பெரும்பாலும் இல்லை. ஒரே மாதிரி பக்கங்களில் ஒன்றைத்தான் கூகுள் காட்டும், அது உங்களுடையதாக இருக்காது.

4. உணவுப் பொருள் விற்பதால் உரிம எண், பொருளைத் திருப்பி அனுப்பும் முறை, கூரியர் செலவு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

வேகமும் போனும்

இதில் நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கூகுள் இப்போது தளத்தின் போன் வடிவத்தைத்தான் படித்து மதிப்பிடுகிறது. பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் நல்ல அளவு. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கோடு சிக்னலில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள், போதும். போனில் எடுத்த போட்டோ ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குள் சுருக்கி ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பூட்டுச் சின்னம் வரும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் வேண்டும். அதற்கான சான்றிதழை இலவசமாகவே பெறலாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: வேகமான தளம் என்பதற்காக மட்டும் சரக்கில்லாத பக்கம் மேலே வராது.

லிங்க், பேக்கேஜ், போன் அழைப்பு

இனி அந்த மாதக் கட்டணக்காரரிடம் வருவோம்.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு தளத்தை மேலே ஏற்றுவதோ, அடிக்கடி வந்து படிப்பதோ கிடையாது என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்கிறது. விளம்பரம் தனி; அது ‘ஸ்பான்சர்ட்’ என்ற அடையாளத்தோடு வரும், காசு நின்றால் அதுவும் நிற்கும். விளம்பரம் கொடுத்ததால் சாதாரண வரிசையில் ஏற்றம் வராது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் கூகுளே எழுதி வைத்திருப்பதுதான்.

அப்படியானால் ‘முப்பது நாளில்’ என்று சொல்கிறவர்கள் எதைக் காட்டுகிறார்கள்? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, உங்கள் கடையின் பெயரையே தேடிக் காட்டுவது. அந்தப் பெயரில் உலகத்தில் வேறு கடை இல்லை என்றால், இண்டெக்ஸில் சேர்ந்தாலே அது முதலில் வரும். அதற்கு யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. இரண்டாவது, ‘ஐந்நூறு பேக்லிங்க்’ என்று ஒரு பேக்கேஜ். வேறு தளங்களிலிருந்து உங்களுக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க். அது பரிந்துரை என்று பார்த்தோம். விலைக்கு வாங்கிய பரிந்துரையைப் பிடிப்பதற்காகவே 2012-இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. இன்று அப்படிப்பட்ட லிங்கை அதன் அமைப்புகள் கணக்கிலேயே எடுக்காமல் தள்ளப் பார்க்கின்றன. எல்லை மீறினால் தளமே கீழே போகும். புதுத் தளத்துக்கு முதல் மாதமே இந்தக் கறை படிவது பெரிய அநியாயம். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில்தானே இதையும் கட்டுகிறார்கள்.

நியாயமான லிங்க் நம் ஊரிலேயே கிடைக்கும். உங்களிடம் காய் வாங்கும் ரிசார்ட் அல்லது டீக்கடை தன் தளத்தில் அதைச் சொல்லலாம். வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் உங்கள் முகவரி இருக்கலாம். ஸ்டோரைப் பார்க்க வந்த வேளாண் மாணவர்கள் எழுதும் கட்டுரையில் வரலாம். இப்படி ஐந்தாறு வந்தாலே அந்த ஐந்நூறைவிட மேல்.

உதவிக்கு ஆள் வைப்பதே தப்பு என்று சொல்லவில்லை. உழைத்துச் செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், யார் ஈமெயிலில் பதிவாகும்? உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடைப் பலகையையே கழற்றிக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும்.

2. சர்ச் கன்சோலில் உரிமையாளர் நீங்களா? அவருக்குத் தனியாக அனுமதி கொடுக்கலாம். சாவி உங்களிடம் இருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு மாதமும் என்ன செய்தீர்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டுவீர்களா? ‘அது எங்கள் ரகசிய முறை’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எவ்வளவு காலம் ஆகும்?

புதுத் தளங்களைக் கூகுள் வேண்டுமென்றே சில மாதம் ஒதுக்கி வைக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு, ‘சாண்ட்பாக்ஸ்’ என்பார்கள். அப்படி ஒரு தடை இல்லை என்று கூகுள்காரர்கள் மறுத்திருக்கிறார்கள். தடை இல்லாவிட்டாலும் விளைவு ஏறக்குறைய அதே மாதிரிதான்: புதியவரைப் பற்றி அதற்குத் தெரிந்தது குறைவு, பரிந்துரை குறைவு, அதனால் தயக்கம். செய்த மாற்றங்களுக்குப் பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பது கூகுள் தரப்பில் முன்பே சொன்ன கணக்கு.

அந்தக் கணக்கை ஏலக்காய்ப் பருவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஆகஸ்டில் காய் எடுப்பு தொடங்கும். அதன் பிறகு ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பரிசுப் பொட்டலம் கேட்கிற காலம். ஐப்பசியில் ஆர்டர் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் சித்திரைக்குள் தளத்தில் ஏறியிருக்க வேண்டும். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் பக்கம் போட்டுவிட்டு வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடவும் வேண்டாம். அதே முகவரியில் விலையையும் படத்தையும் மட்டும் மாற்றினால் போன வருடம் அந்தப் பக்கம் சேர்த்த நற்பெயர் அப்படியே கூட வரும்.

நடுவில் உள்ள மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள். இருபதாவது, முப்பதாவது இடத்தில், யாரும் கிளிக் செய்யாமல், நீங்கள் நினைத்தே பார்க்காத தேடல்கள் அதில் இருக்கும். ‘ஏலக்காய் தோல் தனியாகக் கிடைக்குமா’ என்று யாரோ நாலு பேர் தேடியிருந்தால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அதுதான்.